எங்கூட்டு லோனை யாரு கட்டினது?

உக்காரு அம்மிணி, உக்காரு. நான் இக்கட்டால, சன்னலோரமாத் தள்ளிக்கறேன். ஈரோடுதானே? நானும் அங்கதான். கூட்டத்துக்குப் பயப்படாத, அடுத்த ஸ்டாப்புல பாதி எறங்கீரும்.

நான் கரூர்ல இருந்து வர்றேன். இது எனக்கு மூணாவது பஸ்ஸு. ஏன் சிரிக்கற? நேரா வர்ற பஸ்ஸு இருக்குதுதான், ஆரு இல்லைன்னா? அதுக்குக் காசு குடுக்கோணும். டவுன் பஸ்ஸுன்னா நமக்கு டிக்கெட்டு இல்லையல்லோ. ரெண்டு எடத்துல எறங்கி மாறி ஏறுனா ஆச்சு. ரெண்டு மணி நேரத்துல வர்றது நாலு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே. நேரத்துக்கு ஆரு வட்டி போடறா?

எம் பேரு ருக்குமணி. எங்கூட்டுக்காரரு பேரு சென்னியப்பன். தறிப் பட்டறையில சூப்பர்வைசர். நான் வீட்டுலயே தலகாணி உறை தெக்கறேன். ஒரே புள்ளை, தாரணி. கோயமுத்தூர்ல காலேஜு, ஹாஸ்டல்ல இருக்கறா. இருபது வருஷம் இந்த மனுஷங்கூடக் குடும்பம் நடத்தியிருக்கறேன். போன வாரம் பேங்க்குல, மேனேஜரு முன்னாடி, என்ன சொன்னாரு தெரியுமா? சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு நீயே ஞாயம் சொல்லு.

நாங்க வீடு கட்டினோம். ரெண்டு ரூம்பு, ஒரு ஹாலு. பதினாலு லட்சம் லோனு, பதினஞ்சு வருஷம். மாசாமாசம் பதினாலாயிரத்து அறுநூறு கட்டோணும். நாலு வருஷம் ஒரு மாசம் தவறாமக் கட்டினோம். ஒரு நாள் பேங்க்குல போயி, "கண்ணு, இன்னும் எத்தனை பாக்கி?"ன்னு அங்க இருந்த புள்ளைகிட்டக் கேட்டேன். அது கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "பதினொண்ணு தொண்ணூத்தஞ்சுங்க"ன்னுச்சு.

எனக்குத் தலை சுத்திப்போச்சு. கட்டினது ஏழு லட்சம். அசல்ல கொறைஞ்சது ரெண்டு! மீதி அஞ்சு? வட்டியாம். மொதல் வருஷங்கள்ல எல்லாம் வட்டிக்குத்தான் போகுமாம். "நடுவுல அப்பப்பக் கூடக் கட்டினா அது நேரா அசல்ல கழியும், சீக்கிரம் முடிஞ்சுரும்"ன்னு அந்தப் புள்ளை சொல்லுச்சு. நல்ல புள்ளை. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்றேன், "எல்லாரும் அப்படித்தான் கட்டறாங்க ருக்கு, விடு"ங்கறாரு. விடறதாமா! பதினொரு வருஷம் கட்ட வேண்டியதை அஞ்சே வருஷத்துல கட்டறேன்னு அடுப்படியில நின்னு சொன்னேன். அவரு சோறு தின்னுட்டே, "செரி"ன்னாரு. அந்த மனுஷன் எதுக்குச் செரின்னு சொல்றாருன்னு அவருக்கே தெரியாது.

மறுநாளே ஆரம்பிச்சேன். மொதல்ல ஃபிரிட்ஜை வித்துத் தாட்டி விட்டேன். கரண்டு தின்னுட்டு அது பாட்டுக்கு ஒறுமீட்டே நிக்குது, எதுக்கு? பால், தயிரு, மாவு எல்லாம் எங்க வெப்பேன்னு கேக்கறயா? பக்கத்து வீட்டுல எஸ்தரக்கா இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு ஞானதாஸ் சாரு, ரயில்வே பார்சல் ஆபீஸ்ல வேலை. வாடகைக்கு இருந்தாங்க. கொழந்தை குட்டி இல்லை. ரெண்டே பேருக்கு ஆளு உசரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜு! பாதி காலியாத்தான் கெடந்துச்சு. நம்ம பாலை வெச்சா அவங்களுக்கு என்ன கரண்டு கூடப் போகுதா?

அப்பறம் கிரைண்டரு. எங்களுது பெல்ட்டு அந்துபோச்சு. மாத்த முந்நூறு ரூவா கேட்டான். எஸ்தரக்கா எப்படியும் வாரத்துக்கு ரெண்டு தடவை ஆட்டுவாங்க. என்ர அரிசியையும் சேத்துப் போட்டா ஆச்சு. நானா வாயி தொறந்து கேக்கலை அம்மிணி. "கிரைண்டரு ரிப்பேருங்க்கா"ன்னுதான் சொன்னேன். அவங்களே, "கொண்டா ருக்கு"ன்னாங்க.

பேப்பரை நிறுத்தினேன். அவங்க வீட்டுல ரெண்டு பேப்பரு வாங்குவாங்க. ஒரு மனுஷனுக்கு எத்தனை கண்ணு இருக்குது, ரெண்டு பேப்பரு படிக்க? எங்கூட்டுக்காரரு சாயந்தரம் போயிப் படிச்சுட்டு வருவாரு. பழைய பேப்பரை அவங்க அப்படியே மூலையில போட்டு வெப்பாங்க. அதைக் கட்டி எடைக்குப் போடற அறிவு கூட அவங்களுக்கு இல்லை. நாந்தான் வந்து போட்டேன்.

டிவி கனெக்சனை எடுத்துப்போட்டேன். தாரணிக்குப் படிப்பு கெட்டுரும்னு. அவ சாயந்தரம் அங்க போயிப் படிச்சுட்டு, எட்டு மணிக்குத்தான் வருவா. வந்து, "எனக்குப் பசியில்லைம்மா"ன்னு சொல்லீட்டுப் படுத்துக்குவா. இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளை எங்க இருக்குது, சொல்லு? ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டதில்லை, பண்டம் வேணும்னு அழுதது இல்லை. பசி தாங்கற புள்ளைன்னு நான் தெருவெல்லாம் பெருமை பேசுவேன்.

எஸ்தரக்கா நல்லவங்கதான். ஆனா ஊதாரி. உள்ளதைச் சொல்லோணுமல்லோ. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேருக்கு ஒன்றரைக் கிலோ கறி எடுப்பாங்க. மத்தியானம் சொவத்துக்கு அந்தப் பக்கமிருந்து, "ருக்கு, மிஞ்சிப்போச்சு, ஒரு பாத்திரம் கொண்டா"ன்னு சத்தம் கேக்கும். மிஞ்சற மாதிரி எதுக்கு ஆக்கோணும்? சாம்பாரு மிஞ்சும், பொரியலு மிஞ்சும், கிறிஸ்மஸ் வந்தா கேக்கு ஒரு டப்பா முழுசா மிஞ்சும். வீணாப் போகக் கூடாதேன்னு நான் வாங்கிக்குவேன்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாம அவங்ககிட்டயே சொல்லிப்போட்டேன். "ஏனுங்க்கா, உங்களுக்கு அளவே தெரிய மாட்டேங்குது. ரெண்டு பேருக்கு முக்கால் டம்ளரு அரிசி போதும். பருப்பு ஒரு கை. காசை எறைச்சுட்டே இருந்தா நீங்க எப்ப ஒரு வீடு கட்டறது?"

அவங்க சிரிச்சாங்க. "நீயே கத்துக் குடு ருக்கு"ன்னாங்க.

கத்துக் குடுத்தேன். என்ர டம்ளரையே கொண்டுபோயி அரிசி டப்பாவுல போட்டுட்டு வந்தேன். ஒரு வாரம் அவங்க அதே அளவுல ஆக்கினாங்க. ஒரு பருக்கை மிஞ்சலை. எனக்கு எத்தனை சந்தோசம் தெரியுமா! ஆனா பாரு, அந்த வாரம்னு பாத்து எங்க வீட்டுல செலவு எகிறிப்போச்சு. அரிசி பத்தலை, எண்ணெய் பத்தலை, தக்காளி என்ன வெலை வித்துச்சோ, கெரகம். எட்டாம் நாளு எஸ்தரக்கா பழையபடி ஆரம்பிச்சுட்டாங்க. நானும் விட்டுட்டேன். சில பேரைத் திருத்த முடியாது.

இன்னொண்ணு கேளு. தாரணி பத்தாவது படிக்கறப்ப ஸ்கூல்ல 'எங்கள் வீடு'ன்னு கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. எழுதியிருக்கறா பாரு: 'எங்கள் வீட்டில் பெரிய குளிர்சாதனப் பெட்டி உண்டு. ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மேசை உண்டு. மாலையில் போனால் சூடாக ஏதாவது இருக்கும்.' எங்க வீட்டுல ஏது மேசை? டீச்சரு நல்லா இருக்குதுன்னு இருபதுக்குப் பத்தொம்பது போட்டிருந்தாங்க. எங்கூட்டுக்காரரு அதைப் படிச்சுட்டு நோட்டை மூடி வெச்சாரு. நான் சொன்னேன், "புள்ளைக்குக் கற்பனை ஜாஸ்தி"ன்னு.

ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சலு. நான் உறை டெலிவரி குடுக்கப் போயிருந்தேன். வந்து பாக்கறேன், எஸ்தரக்கா அவளை ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டு, எளநீ வாங்கிக் குடுத்து, மடியில படுக்க வெச்சிருக்கறாங்க. ஆட்டோவுக்கு மட்டும் எரநூறு! டவுன் பஸ்ஸு முக்குலயே நிக்குது. "ஏனுங்க்கா, பஸ்ஸுல போயிருக்கலாமல்லோ"ன்னேன். அவங்க, "புள்ளை உடம்பு அனலாக் கொதிச்சுது ருக்கு"ன்னாங்க. காசு அருமை தெரியாதவங்களுக்கு நாம என்ன சொல்றது?

இப்படியே நாலு வருஷம் ஓடுச்சு. போனஸு, சீட்டுப் பணம், என்ர தையக் கூலி, எல்லாம் லோனுக்கு. அசலு சரசரன்னு கொறைஞ்சுட்டு வந்துச்சு. பேங்க்குல அந்தப் புள்ளை என்னையப் பாத்தாலே எந்திரிச்சுக்கும்.

போன வருஷம் தாரணி பன்னண்டாவது முடிச்சா, நல்ல மார்க்கு. காலேஜுல சேந்து ஹாஸ்டலுக்குப் போனா. அவ போன பத்தாவது நாளு எஸ்தரக்கா வீட்டைக் காலி பண்ணீட்டுக் கரூருக்குப் போயிட்டாங்க. சாரு ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. ஊருப் பக்கம் போலாம்னு தோணியிருக்கும்னு நெனச்சேன். போறதுக்கு முன்னாடி ஹாஸ்டலுக்கே போயித் தாரணிக்கு ஒரு புது போனு வாங்கிக் குடுத்துட்டுப் போனாங்க. ஊதாரித்தனம்னா பாரு.

அவங்க போன மாசத்துல இருந்துதான் அம்மிணி இந்த வெலைவாசி கண்ணு மண்ணு தெரியாம ஏறுச்சு. உனக்கும் தெரியுமல்லோ? வீட்டுல ரெண்டே பேரு. செலவு கொறையோணும். கூடுச்சு! மூணு மாசம் வந்த கேஸு நாப்பத்தஞ்சு நாள்ல தீந்துபோச்சு. சிலிண்டர்ல கேஸைக் கொறைச்சுப்போட்டுக் குடுக்கறான்னு எனக்கு ஒரே சந்தேகம். சிலிண்டர் போடறவனை வாசல்லயே நிக்க வெச்சு, "எடை போடு"ன்னேன். போட்டான். சரியா இருந்துச்சு. "தராசு கோளாறு, வேற தராசு கொண்டா"ன்னேன். அவன் எங்கூட்டுக்காரரைப் பாத்தான். எங்கூட்டுக்காரரு அவன்கிட்ட, "நீ போ தம்பி, இது வேற கணக்கு"ன்னாரு. என்ன கணக்குன்னு நான் கேக்கறதுக்குள்ள உள்ள போயிட்டாரு.

பால் திரிஞ்சு போச்சு, மாவு புளிச்சுப் போச்சு. அந்த வருஷம் வெயிலு ஜாஸ்தி. கடைசில பழைய ஃபிரிட்ஜு ஒண்ணு வாங்க வேண்டியதாப் போச்சு. அஞ்சு வருஷத்துல முடிக்கறேன்னது அஞ்சரை வருஷம் ஆச்சு. ஆனாலும் முடிச்சேன்.

போன வாரந்தான் பேங்க்குக்குப் போனோம். கடைசிப் பணத்தைக் கட்டியாச்சு. மேனேஜரே எந்திரிச்சுக் கை குடுத்தாரு. டீ வரச் சொன்னாரு. "ஏனுங்கம்மா, இந்தச் சம்பளத்துல அஞ்சரை வருஷம் முன்னாடியே முடிச்சிருக்கறீங்க. எப்படீங்க?"ன்னு கேட்டாரு. நான் பொடவையைச் செரி பண்ணீட்டு, சிக்கனம்னா என்னன்னு சொல்ல வாயெடுக்கறேன். அதுக்குள்ள இந்த மனுஷன் டீயை ஒரு வாயி குடிச்சுட்டு, "பாதியை எஸ்தரக்கா கட்டினாங்க சார்"ன்னாரு.

மேனேஜரு பாவம், பதறிப்போயி ஃபைலைப் பொரட்டறாரு. "கோ-அப்ளிகண்ட்ல அந்தப் பேரு இல்லீங்களே! அவங்க கையெழுத்து வேணுமே, பத்திரம் எப்படிக் குடுக்கறது?"ங்கறாரு. "அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க சார், குடுங்க"ன்னு சொல்லி இவரு சிரிக்கறாரு. எனக்கு உடம்பெல்லாம் எரியுது.

வெளிய வந்து கேட்டேன். "ஆருங்க கட்டினது? உங்களைப் பெத்தவங்களா, எஸ்தரக்காவா? கண்ணு நோக ராவும் பகலும் உறை தெச்சது ஆரு?"

"நீதான்"னாரு.

"அப்பறம்?"

"நீ கட்டினே. நாம அவங்க வீட்டுல தின்னோம். ரெண்டும் நெசந்தான்"னாரு.

அவர்கூட நான் ரெண்டு நாள் பேசலை. பேசாம உக்காந்து யோசிச்சேன். நாம மட்டும் அவங்களுக்கு ஒண்ணும் குடுக்கலையா? குடுத்திருப்போமல்லோ. என்ன குடுத்தேன்? ஒரு தடவை மொளகாப் பொடி குடுத்தேன். அது அவங்க மொளகாதான், நான் காய வெச்சு அரைச்சுட்டு வந்தது. பொங்கலுக்குக் கரும்பு குடுத்தேன், அரைக் கரும்பு. அப்பறம்... புத்தி சொல்லியிருக்கறேன். நெறையச் சொல்லியிருக்கறேன். அதுக்கு மேல எத்தனை யோசிச்சும் ஒண்ணும் வரலை அம்மிணி. மறந்திருப்பேன்னு நெனக்கறேன்.

செரி, நேராவே கேட்டுரலாம்னு இன்னைக்குக் காலையில பத்திரத்தை எடுத்துட்டுக் கரூருக்குப் பொறப்பட்டேன்.

கதவைத் தொறந்த எஸ்தரக்கா என்னையப் பாத்ததும், "ருக்கு!"ன்னு கட்டிப் புடிச்சுட்டாங்க. பத்திரத்தைக் காட்டினேன். என்னமோ அவங்க பேருல எழுதின மாதிரி அப்படி ஒரு சந்தோசம். கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு ஜெபம் பண்ணினாங்க. சாரு கடைக்குப் போயி மைசூர்பாகு வாங்கீட்டு வந்தாரு. அவங்களுக்கே ஒரு லோனு இருந்து முடிஞ்சிருந்தாக் கூட அத்தனை சந்தோசப்பட்டிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. இது ஆரு வீடு? நல்ல பெரிய வீடு, மூணு ரூம்பு, பின்னால கெணறு.

"வாடகை எத்தனைங்க்கா?"ன்னேன்.

"நம்ம சொந்த வீடுதான் ருக்கு. இவரோட அப்பா கட்டினது"ன்னாங்க.

"அப்ப முன்னாடி ஆரு குடியிருந்தாங்க?"

அவங்க பேச்சை மாத்தப் பாத்தாங்க. சாருக்கு மனசுல ஒண்ணும் வெச்சுக்கத் தெரியாது. "பூட்டித்தான் கெடந்துச்சும்மா. நான் ரிட்டயராகின அன்னைக்கே வந்திருக்கோணும். உங்கக்காதான், தாரணி பன்னண்டாவது முடிக்கட்டும், அப்பறம் போலாம்னு ஒத்தைக் கால்ல நின்னா. அதான் ரெண்டு வருஷம் அங்கயே இருந்துட்டோம்"னாரு.

சொந்த வீட்டைப் பூட்டிப்போட்டுட்டு, மாசம் ஏழாயிரம் வாடகை! இருபத்திநாலு மாசம்! ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்! நான் எந்த வருஷமும் கூடக் கட்டினது அத்தனை வராது. "உங்களுக்குக் கூறு இருக்குதா? இப்படி வாடகையைத் தண்டமாக் குடுப்பாங்களா?"ன்னு கத்திப்போட்டேன், அவங்க வீட்டுல உக்காந்துட்டே.

எஸ்தரக்கா கோவிச்சுக்கலை. எங்கையைப் புடிச்சுட்டு மெதுவாச் சொன்னாங்க. "சாயந்தரம் ஆனா புள்ளை ஓடி வந்து, 'பெரியம்மா, பசிக்குது'ன்னு கேக்கும் ருக்கு. அதைக் கேக்காம நான் இங்க வந்து என்ன பண்ணப் போறேன்?"

அம்மிணி, நான் உன்னையக் கேக்கறேன். எங்கிட்ட அவ ஒரு நாளும் பசிக்குதுன்னு சொன்னதில்லை. நாலு வருஷம். ஒரு நாள் கூட இல்லை.

...

இல்லை இல்லை, ஒண்ணுமில்லை. கர்ச்சீப்பு வேண்டாம். என்ர முந்தானை இருக்குது.

அப்பறம் நாந்தான் சொன்னேன், "அக்கா, எங்க வீட்டுக்கு மேல ரெண்டு ரூம்பு எடுக்கறேன். நீங்களும் சாரும் வந்துருங்க. இந்த வீட்டை வாடகைக்கு விடுங்க, சும்மா பூட்டி வெக்காதீங்க"ன்னு. சாரு, "பணம்?"ன்னாரு. "பேங்க்குல லோனு போடறேன்"னேன். எங்கூட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. சொன்னா, செரிம்பாரு.

மேனேஜரு என்ன, மறுபடியும் வந்துட்டீங்களான்னு கேப்பாரு. கேக்கட்டும். பத்து வருஷ லோனாப் போட்டா நான் நாலு வருஷத்துல கட்டிப்போடுவேன். வழி எனக்குத் தெரியும். வாடகையா? சீ, அவங்ககிட்ட வாடகை வாங்குவேனா! எஸ்தரக்கா வரமாட்டேன்னும் சொல்லலை, வர்றேன்னும் சொல்லலை. சிரிச்சாங்க. வர்ற ஞாயித்துக்கெழமை தாரணி லீவுல வர்றா, அன்னைக்கு மட்டும் வர்றோம்னு ஒத்துக்கிட்டிருக்கறாங்க. மத்தியானம் சாப்பாடு எங்க வீட்டுல.

அதைத்தான் கரூர்ல பஸ்ஸு ஏறினதுல இருந்து யோசிச்சுட்டே வர்றேன். என்ன ஆக்கறது? நானும் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். கோழியா, மீனா? காரம் சாப்பிடுவாங்களா? அவங்க தட்டுல என்ன போட்டுச் சாப்பிடுவாங்கன்னு நான் ஒரு நாளும் பாத்ததில்லை அம்மிணி. எஸ்தரக்காவுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது.

தாரணிக்குத் தெரியும். அவளைக் கேட்டாச் சொல்லுவா. உன்ர போனைச் சித்தக் குடுக்கறயா? ஒரு நிமிசந்தான்.